எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை படித்தாலும் 'நல்ல குடும்பத்துப் பெண்' என்றொரு தகுதி அதில் கிடையாது. 24ஆம் பிரிவு குடியுரிமை கேட்கிறது, 21 வயது கேட்கிறது, சட்டப் பட்டம் கேட்கிறது. யாரைப் பதிவு செய்யக்கூடாது என்பதை 1973இல் சேர்த்த 24-அ பிரிவு சொல்கிறது. மூன்றே வகையினர். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர், ஒழுக்கக்கேடு தொடர்பான குற்றச்சாட்டில் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர். இதுவும் ஆயுளுக்கும் தடை இல்லை. விடுதலையாகியோ வேலை போயோ இரண்டு ஆண்டு கழிந்தால் தடை தீர்ந்துவிடும்.

2022இல் நான் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, மீஞ்சூரில் எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்த காவலர் இந்த மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. அவர் கேட்டதை அம்மா இன்றைக்கும் அப்படியே செய்து காட்டுவாள். “பொண்ணு ராத்திரி எத்தினி மணிக்குமா வூட்டுக்கு வரும்?” அம்மா இட்லிப் பானையைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னாளாம்: “ரயிலு எப்ப வருதோ அப்ப வரும் சார்.”

அம்மா கிண்டலாகச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி ரயிலை நம்பி வாழ்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் பதில். எண்ணூர் தாண்டிச் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நின்றால் நின்றதுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக இட்லி போடுகிற அம்மாவின் வாடிக்கையாளர்கள் அத்திப்பட்டுக்கும் வல்லூருக்கும் அனல்மின் நிலைய ஒப்பந்த வேலைக்குப் போகிற ஆண்கள். அவர்கள் விடியற்காலை நாலரைக்குப் போவதும் ராத்திரி பதினொன்றுக்குத் திரும்புவதும் யாருடைய நடத்தைக்கும் சாட்சியாக ஆனதில்லை. சட்டம் படித்த மூன்று வருஷமும் பட்டறைப்பெரும்புதூரிலிருந்து பஸ், திருவள்ளூரிலிருந்து ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில் என்றுதான் நான் வீடு வந்தேன். படிப்பு முடிந்தபின் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அங்கே விளக்கணைக்கவே எட்டரை ஆகும். மணிக்கணக்கு அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் சட்ட மாணவிகளுக்காக நடைமுறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டம் வாங்கியதும் நீங்கள் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். மதிப்பெண் பட்டியல்களோடு, உங்களை அறிந்த வழக்கறிஞர்களிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும். கூடவே காவல்துறை சரிபார்ப்பு. அறிக்கை வந்து, பதிவுக் குழு பார்த்து, நாள் குறித்து, கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டு உறுதிமொழி எடுத்தால்தான் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எண் வரும். இந்த வரிசையில் பரீட்சை எழுதிக் கடக்க முடியாத ஒரே இடம் அந்தக் காவல்துறை அறிக்கை. அங்கே உங்களைப் பற்றி மற்றவர்கள்தான் பதில் எழுதுகிறார்கள்.

எதிர்வீட்டு அக்காவிடமும் காவலர் விசாரித்திருக்கிறார். அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காதவர். தன்னால் முடிந்தவரை உயர்த்தித்தான் சொன்னார். “தங்கமான பொண்ணு சார். தெருவுல போனா தல நிமிந்து பாக்காது. யார்கிட்டயும் ஒரு வார்த்த எதிர்த்துப் பேசாது.” மறுநாள் காலை என்னை நிறுத்தி, “உன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லிக்கிறேன், கவலப்படாத” என்றும் சொன்னார். நன்றி அக்கா என்றேன். நீதிமன்றத்தில் எழுந்து நின்று எதிர்த்தரப்பை மறுத்துப் பேசப்போகிறவளுக்கு, எதிர்த்துப் பேசாதவள் என்பதுதான் தகுதிச் சான்று. சிரிப்பு வந்தது. ரயிலேறியதும் அழுகையும் வந்தது.

என்னோடு படித்த ஒரு நண்பர் பொன்னேரிப் பக்கம். அவருக்கும் அதே மாதம்தான் சரிபார்ப்பு. போனில் கூப்பிட்டார்கள், போனார், வழக்கு எதுவும் இல்லை என்று பதிவேட்டில் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கால் மணி நேரம். அவருடைய தெருவில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சட்டப்படி செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். அவருக்குச் சலுகை காட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சரியாக நடந்தது அவருக்குத்தான்.

எனக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. கணவரைப் பிரிந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. விவாகரத்து மனு நீதிமன்றத்தில் இருந்தது. ஆதார் அட்டையில் பழைய முகவரி, கையில் அம்மா வீட்டு முகவரி, எனவே இரண்டு இடத்தில் விசாரணை. எந்தக் காவல் நிலையத்தில் எது நடந்தது என்று இங்கே பிரித்து எழுதவில்லை. பிரிந்த புதிதில் அவர் நகையை எடுத்துப்போய்விட்டேன் என்று ஒரு மனு கொடுத்திருந்தார். சி.எஸ்.ஆர். போட்டு, இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசி, நகை என் அம்மா போட்டதுதான் என்று தெரிந்து அன்றே முடித்துவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது. அது எஃப்.ஐ.ஆர். இல்லை, வழக்கு இல்லை. இதைச் சட்டம் படித்த நான், அதை எழுதும் அதிகாரிக்கு மேசைக்கு இந்தப் பக்கம் நின்று விளக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதெல்லாம் சரிம்மா. புருஷனோட ஒத்துப்போக முடியாதவங்க கட்சிக்காரங்களோட எப்படி ஒத்துப்போவீங்க? பேசி முடிச்சுட்டு வாங்க, நானே எழுதித் தரேன்.” அறிக்கை பதினேழு நாள் அந்த மேசையில் இருந்தது. கடைசியில் நான் தட்டச்சு செய்துவந்த அலுவலகத்து மூத்த வழக்கறிஞர் அம்மா ஒரு போன் செய்தார். அன்று மாலையே போனது. போன் செய்ய ஆள் இல்லாதவள் என்ன செய்வாள் என்பது அப்போதிலிருந்து என்னுடன் இருக்கிற கேள்வி.

24-அ பிரிவின் இரண்டாவது வகைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்தத் தொழிலுக்குள் வரக்கூடாதவர் என்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஒரே குற்றம் தீண்டாமை. 1955ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எழுதியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும்: மனிதரை மனிதராக நடத்தத் தெரியாதவர் நீதி கேட்கும் இடத்தில் நிற்கக் கூடாது. ஆனால் நன்னடத்தை விசாரிக்க வருகிறவர் 'இவர் வீட்டில் எல்லோருக்கும் ஒரே டம்ளரா?' என்று கேட்டு யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் தெருவில் சாதி பற்றிய ஒரு கேள்வி வந்தது, உண்மைதான். “நீங்க என்ன ஆளுங்க?” என்று அம்மாவைக் கேட்டார்கள்.

'ஒழுக்கக்கேடு' என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வஞ்சகம், கயமை, பொதுமனம் அருவருக்கும் இழிசெயல் என்று நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் சொல்கின்றன. 1996இல் பவன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததற்கான 294ஆம் பிரிவில் 20 ரூபாய் அபராதம் கட்டிய ஒருவருக்கு அரசு வேலை போயிருந்தது. அந்தத் தண்டனை ஒன்றை வைத்தே ஒருவரை ஒழுக்கக்கேடானவர் என்று சொல்லிவிட முடியாது என்றது தீர்ப்பு. ஆணுக்கு அவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள், நல்லது. ஆனால் அந்தச் சொல் தமிழில் தெருவுக்கு இறங்கும்போது, ஆணைப் பற்றி என்றால் லஞ்சம், மோசடி, குடி என்று ஏதேதோ பொருள் வரும். பெண்ணைப் பற்றி என்றால் ஒன்றே ஒன்றுதான். 'அவள் ஒழுக்கம் எப்படி?' என்று யாரும் கணக்கில் ஏமாற்றுவாளா என்று தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை.

பெண்ணை வெளியே நிறுத்த எப்போதும் ஏதாவது ஒரு சொல் கிடைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. 1916இல் ரெஜினா குஹா கல்கத்தாவில் விண்ணப்பித்தபோது தடுத்த சொல் 'நபர்'. சட்டம் 'நபர்' என்றுதான் சொல்கிறது, அதில் பெண் அடங்கமாட்டாள் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் பாட்னாவில் அதே பதில். அதே ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியா சொராப்ஜியைச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் பெண்கள் வழக்காடலாம் என்று சொல்வதற்காகவே 1923இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சென்னையில் பி. ஆனந்தபாய் 1929இல் பதிவானார். அமெரிக்காவில் மைரா பிராட்வெல் தேர்வில் தேறியும் இல்லினாய் மாநில நீதிமன்றம் மறுத்ததற்கு முதலில் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பழக்கப்பட்டது: கல்யாணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. 1873இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது. நம் ஊரில் சத்யஸ்ரீ சர்மிளா பட்டம் முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து, 2018 ஜூன் 30 அன்று நாட்டின் முதல் திருநங்கை வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். அவருக்கு முன்னால் அந்த வரிசையில் நிற்கவே துணியாமல் போனவர்களை யார் எண்ணினார்கள்?

காசும் ஒரு தடைதான், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணத்துக்கு நான் அம்மாவின் கம்மலை அடகு வைத்தேன். ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை வாங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், வாங்கக் கூடாது என்றது. ஏற்கெனவே கட்டியது திரும்ப வராது. கம்மலை மீட்டாயிற்று.

காவல்துறை சரிபார்ப்பே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. 2015 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவர்களைப் பதிவு செய்ய வேண்டாம் என்று உத்தரவிட்டபோது அதற்கு ஒரு பின்னணி இருந்தது. பெயருக்கு மட்டும் இயங்கும் கல்லூரிகளில் பட்டம் வாங்கி, கறுப்புக் கோட்டைக் கவசமாகப் போட்டுக்கொண்டு கட்டப் பஞ்சாயத்து செய்கிறவர்களை வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நிலத்தகராறில் ஒரு விதவையின் வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களில் ஒருவராவது கோட்டுப் போட்டிருப்பார். அப்படிப்பட்டவர் உள்ளே வரக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சட்டம் பேசுவது தண்டனையைப் பற்றி. நிலுவை வழக்கு என்று வரும்போது, வழக்குப் போடுகிறவரின் கையில் கதவின் சாவி போய்விடுகிறது. எங்கள் கடற்கரையில் யார் மேல் வழக்கு விழும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டக் கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்த தங்கை ஒருத்தி, எண்ணூர்க் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். அம்மா மீன் விற்கிறவர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. வலை, படகு, கரை எல்லாம் கறுப்பு. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்குப் பிறகு நடந்த போராட்டங்களில் ஒன்றில் இவளும் உட்கார்ந்தாள். பெண்கள்தான் அதிகம். சாயந்தரம் வரை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். வழக்குப் போட்டதாக யாரும் சொல்லவில்லை. 2025இல் பதிவுக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது. எஃப்.ஐ.ஆரில் அவள் பெயர் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341. சட்டவிரோதக் கூட்டம், உத்தரவை மீறியது, வழிமறித்தது. அறிக்கையில் ஒரே வரி: வழக்கு நிலுவை. என்ன வழக்கு, ஏன் உட்கார்ந்தாள் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அவள் வீட்டில் அது இடி. “கடலுக்குப் போற வூட்ல பொறந்துட்டு வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம்ல” என்று அவள் மாமா திட்டியிருக்கிறார். அவள் அம்மா மட்டும், “எல்லாம் ஓடுனப்ப இவளும் ஓடுனா, எல்லாம் குந்துனப்ப இவளும் குந்துனா, அதுல இன்னா குத்தம்?” என்றாராம். இதைவிடச் சுருக்கமாக ஒரு எதிர்வாதத்தை நான் கேட்டதில்லை.

அவள் என்னிடம் வந்தபோது நான் அவளுக்கு ஒரு அமெரிக்க வழக்கைச் சொன்னேன், ஆறுதலுக்காகத்தான். ருடால்ஃப் ஷ்வேர் என்று ஒருவர். 1934இல் கலிஃபோர்னியாத் துறைமுக வேலைநிறுத்தத்தில் இருந்தவர், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், சந்தேகத்தின் பேரில் கைதாகி வழக்கே இல்லாமல் விடப்பட்டவர். பின்னாளில் சட்டம் படித்து வந்தபோது நியூ மெக்சிகோ மாநிலம் நன்னடத்தை இல்லை என்று தேர்வெழுதவே விடவில்லை. 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. கைதானது மட்டும் ஒருவர் தவறு செய்ததற்குச் சாட்சியாகாது என்றது. துறைமுகத்து ஆள் என்றதும் அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். ஆனால் நமக்குப் பயன்படுவது நம்மூர்த் தீர்ப்புதான். 2018இல் ஜீவானந்தம் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 188ஆம் பிரிவில் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, இப்படிப் போட்ட ஒரு கொத்து வழக்குகளை ரத்து செய்தார். மறியலில் உட்கார்ந்த ஒவ்வொரு பெண்ணும் அறிய வேண்டிய தீர்ப்பு இது.

மறைத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். யாராக இருந்தாலும் கேட்பார்கள். கூடாது. பதிவான பிறகும், முக்கியமான தகவலைத் தவறாகச் சொல்லிப் பெயர் பதிந்தது தெரிந்தால், 26ஆம் பிரிவின்படி இந்திய பார் கவுன்சில் பெயரை நீக்க முடியும். செய்தது குற்றம் இல்லை, மறைத்தது குற்றமாகிவிடும். அதே 26ஆம் பிரிவில் நமக்கு ஒரு பிடியும் இருக்கிறது. மாநில பார் கவுன்சில் மறுக்க நினைத்தால் காரணத்தை எழுதி இந்திய பார் கவுன்சிலின் கருத்தைக் கேட்க வேண்டும். வாய்மொழியாக 'அப்புறம் வாங்க' என்று சொன்னால், எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் மனுப் போட்டு எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கினோம். மூன்று பிரிவும் ஜாமீனில் விடக்கூடியவை என்பதைக் குறிப்பிட்டு, அன்றைக்கு ஏன் சாலையில் உட்கார்ந்தாள் என்பதையும் இரண்டு பக்கம் எழுதி இணைத்தாள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி சேர்த்தால் வேலை சுலபமாகும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அவள் சேர்க்கவில்லை. நான் சேர்க்கச் சொல்லவும் இல்லை. மூன்று மாதம் தாமதமாகத்தான், ஆனாலும் பதிவாகிவிட்டது. அவள் அம்மா அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகாமல் கனகாம்பரம் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வந்திருந்தார். மகள் அங்கியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “இத்தப் போட்டுக்கினா வேர்க்காதா?” என்று மட்டும் கேட்டார்.

வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்து செய்யக் கோரி மனுத் தயாரித்திருக்கிறோம். அவளோடு எஃப்.ஐ.ஆரில் உள்ள மற்ற பெண்களும் மனுதாரர்கள், பெரும்பாலும் மீன் விற்பவர்கள். ஒருவர் கைநாட்டு. வக்காலத்தில் வழக்கறிஞர் இடத்தில் நான் கையெழுத்திட்டேன். அவள் இப்போதைக்கு முதலாவது மனுதாரர்.